முந்நூறு மாதம்

எர்ணாவூர் குளோரிதான் அந்தக் கணக்கைச் சொன்னாள்.
ஒரு மாதச் செலவை முந்நூறால் பெருக்கு.
அவ்வளவு சேர்ந்துவிட்டால்
யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம்.

என் செலவு பதினோராயிரத்து இருநூறு.
பெருங்களத்தூரில் இன்னொருத்தியோடு பங்கு போட்ட அறை,
மாம்பலத்துக்கு சீசன் டிக்கெட்,
முழங்காலுக்குத் தைலம் உட்பட.
பெருக்கினால்
முப்பத்து மூன்று லட்சத்து அறுபதாயிரம்.
ரயிலிலேயே சிரித்துவிட்டேன்.
எதிர்சீட்டுக்காரி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தாள்.

குழுவில் பதினேழு பேர்.
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.
ஞாயிறு இரவு பத்தரைக்கு
அவரவர் எண்ணைப் போட வேண்டும், அவ்வளவுதான் விதி.
மண்ணடி ஷம்சுதீன்: நாற்பத்தோராயிரம்.
பட்டாபிராம் ரெஜினா: நகையை மீட்டாச்சு, கையில் எழுநூறு.
நான்: கழித்தல் இருபத்திரண்டாயிரம்.
அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது;
அக்கா திரும்பி வந்துவிட்டாள்,
வட்டி மட்டும் இன்னும் மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறது.
கழித்தல் குறி போனில் எங்கே இருக்கிறதென்று
தேடவே இரண்டு ஸ்டேஷன் போய்விட்டது.
கழித்தலும் எண்தான், என்றாள் குளோரி.

அம்பத்தூர் தணிகாசலம் ஒரு வாரம்
பூஜ்யம் என்று போட்டான்.
முந்தின வாரம் அறுபதாயிரம்.
ரம்மி, என்று அடுத்த வரியில்.
யாரோ எழுதுவதும் அழிப்பதுமாக
வெகுநேரம் திரையில் தெரிந்தது.
கடைசியில் ஷம்சுதீன்:
சாப்டியா?

காலை பத்துக்கு நிற்க ஆரம்பித்தால்
இரவு ஒன்பதரை.
சட்டம் வந்தபோது எங்கள் மாடிக்கும் நாற்காலி வந்தது.
சிவப்பு பிளாஸ்டிக், நான்கு.
மூன்றில் பிரிக்காத பூனம் புடவைக் கட்டுகள் உட்கார்ந்தன.
நான்காவதில் சூப்பர்வைசரின் டிபன் பை.
நாங்கள் எதிரே நின்று
மடித்ததைப் பிரித்தோம்
பிரித்ததை மடித்தோம்.

மூன்று தீபாவளிக்கு
ஊழியர் விலைச் சேலையும் வேண்டாமென்றேன்.
கழித்தல் குறி போனது ஒரு மாசியில்,
யாருக்கும் சொல்லாமல் அன்று ஒரு ரோஸ்மில்க் குடித்தேன்.
இந்த ஆடி முதல் ஞாயிறு,
அறுபத்தேழாயிரத்து இருநூறு.
குளோரி உடனே வகுத்துப் போட்டாள்:
ஆறு மாசம் யார் துரத்தினாலும் உனக்குச் சோறு உண்டு.

வெள்ளிக்கிழமை, தள்ளுபடிக் கூட்டம்,
மாலை நாலு மணி.
ஒரு கட்டைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு
உட்கார்ந்தேன்.

என்னம்மா, உடம்பு சரியில்லையா?
இல்லண்ணே, நல்லா இருக்கேன்.

அவருக்கு அடுத்த கேள்வி வரவில்லை.
கீழிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது,
அவர் சட்டையில் கடைசிப் பொத்தான் வேறு நிறம்.
அவரும் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தார்.
கனகவல்லி என்னையும்
இன்னொரு நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள்,
உட்காரவில்லை.
அவள் எண் எவ்வளவோ, நான் கேட்டதில்லை.
ஒரு வாடிக்கையாளர் மயில்கழுத்து நிறம் கேட்டார்.
இருங்கம்மா, எடுத்துத் தரேன் என்று
நானாகவே எழுந்தேன்.

இந்த ஞாயிறு எண் ஏறவில்லை.
அரை நாள் பிடிப்பார்கள் என்று பேச்சு.
உட்கார்ந்தேன், என்று மட்டும் போட்டேன்.
எவ்வளவு நேரம், என்றார் ஷம்சுதீன்.
இருபது நிமிஷம்.
தணிகாசலம் அதற்குக் கீழே
ஆயிரத்து நூறு என்று போட்டிருந்தான்.

இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு மாதம்.
எனக்கு நாற்பத்திரண்டு வயது,
கணக்கு எங்கே போய் முட்டும் என்று தெரியாமலில்லை.
பல்லாவரத்தில் பாதிப் பெட்டி காலியானது.
உட்கார இடம் கிடைத்தது.
கதவோரம் நின்றுகொண்டேன்,
காற்றுக்காக.